மோட்டார் வண்டியின் நாடியும் அதைப் பார்க்கும் கருவியும்

மழைக்காலத்துக் காலை நேரம். மும்பை மாடுங்காவில் ஒரு குடும்பத் தலைவர் அலுவலகம் புறப்படத் தம் காரைக் கிளப்புகிறார். எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. ஆனால் வழக்கமாகச் சில கணங்களில் அணைந்துவிடும் மஞ்சள் விளக்கு ஒன்று இன்று அணையவில்லை. எஞ்சினின் உருவத்தைச் சிறிதாக வரைந்தாற்போன்ற விளக்கு அது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஓசையிலும் மாறுதல் இல்லை. எனினும் ‘எனக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது’ என்று வண்டி சொல்கிறது. என்ன நேர்ந்தது என்பதை மட்டும் அந்த விளக்கு சொல்வதில்லை.

இத்தகைய நிலையில் இன்று பலரும் நாடுவது ‘ஸ்கேனர்’ என்று பட்டறைகளில் வழங்கும் சிறு கருவியை. கடைவீதியில் சில நூறு ரூபாய்க்கும் அது கிடைக்கிறது; பல பத்தாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. வீட்டில் ஒரே ஒரு கார் வைத்திருப்பவர் இவற்றுள் எதை வாங்குவது? விலைப் பட்டியலை மட்டும் பார்த்து இதற்கு விடை காண இயலாது. இக்கருவி எதற்காகப் பிறந்தது, யாருடைய கட்டளையால் பொதுவாயிற்று, எந்த இடத்தில் அதன் பொதுமை நின்றுவிட்டது என்னும் வரலாற்றை அறிந்தால் விடை தானே புலப்படும். ஆதலின் அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

காதால் அறிந்த காலம்

மும்பைக்கும் மோட்டார்த் தொழிலுக்கும் உள்ள உறவு பழமையானது. வால்சந்த் ஹீராசந்த் 1944ஆம் ஆண்டில் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை குர்லாவில் இருந்தது. தாராவிக்கும் மாடுங்காவுக்கும் செம்பூருக்கும் அது தொலைவான இடமன்று. இத்தாலி நாட்டு ஃபியட் வண்டியின் வார்ப்பில் அங்கே உருவான கார், 1974ஆம் ஆண்டு முதல் ‘பிரீமியர் பத்மினி’ என்னும் பெயரைத் தாங்கியது. கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்சியாக அவ்வண்டி நகரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அவ்வண்டிக்குப் பழுது நேர்ந்தால் அறிவது எவ்வாறு? பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது கார்புரேட்டர். தீப்பொறி தருவது பிளக். பொறி எழவேண்டிய நேரத்தைத் தீர்மானிப்பது டிஸ்டிரிபியூட்டர். இவை யாவும் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தால் போதும். கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளிறி வெண்மையாக இருந்தால் பெட்ரோல் குறைவு. தேர்ந்த மெக்கானிக் பானட்டைத் திறந்து, ஒரு திருப்புளியின் முனையை எஞ்சின்மீது ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டே உள்ளிருக்கும் நோயைச் சொல்லிவிடுவார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

அக்காலத்தில் வண்டியின் சொந்தக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் இடையே மறைபொருள் ஒன்றும் இல்லை. மெக்கானிக் பிளக்கைக் காட்டினால் சொந்தக்காரரும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அறிவில் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஆனால் பூட்டு இல்லை. இக்கருத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் வரலாறு முழுவதும் இப்பூட்டைப் பற்றியதே.

புகையிலிருந்து பிறந்த கருவி

பழுதறியும் கருவி பிறந்தது வண்டிச் சொந்தக்காரரின் வசதிக்காக அன்று. ஊரார் மூச்சு விடுவதற்காக. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை 1943ஆம் ஆண்டில் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் சூழ்ந்தது. முதலில் தொழிற்சாலைகளையே மக்கள் குறை கூறினர். ஆரீ ஹாகன்ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர், வண்டிகளின் புகையிலுள்ள பொருள்கள் வெயிலில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் விளக்கிக் காட்டினார். நோய்க்குக் காரணம் தெரிந்தபின் மருந்து தேடுவது கடமையாயிற்று. 1966ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியா மாநிலம் கார்கள் வெளியிடும் புகைக்கு வரம்பு விதித்தது.

இவ்வரலாறு செம்பூர்வாசிகளுக்கு அயலாகத் தோன்றாது. செம்பூரை அடுத்த மாகுலில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டு தொழிலைத் தொடங்கின. ஊரின் பெயரையே ‘கேஸ் சேம்பர்’ என்று திரித்துக் கேலி பேசும் அளவுக்கு அங்குள்ளோர் காற்றின் குறையை உணர்ந்தவர்கள்.

புகைக்கு வரம்பு விதித்தபின், பெட்ரோலையும் காற்றையும் மிக நுட்பமாக அளந்து கலப்பது இன்றியமையாததாயிற்று. கார்புரேட்டரால் அத்துணை நுட்பத்தைத் தர இயலவில்லை. எனவே பெட்ரோலைப் பீச்சும் ஊசிகளும், வெப்பத்தையும் காற்றையும் புகையையும் அளக்கும் சென்சார்களும், அவற்றையெல்லாம் ஆளும் கணினியும் எஞ்சினுக்குள் புகுந்தன. கணினி தன் சென்சார்களை ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்கும். ஒன்று தவறினால் அதை ஒரு குறியாகத் தன் நினைவில் எழுதிவைக்கும். காதுக்குக் கேட்ட நோய் இவ்வாறு கணினியின் குறிப்பேட்டுக்குள் சென்று மறைந்தது.

கலிபோர்னியா அரசு, 1988ஆம் ஆண்டு மாதிரி முதல் அங்கு விற்கும் புதிய கார்கள் தம் பழுதைத் தாமே அறிந்து விளக்கால் தெரிவிக்கவேண்டும் என்று விதித்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வண்டிக்கென்று ஒரு துளை, ஒரு மொழி, ஒரு கருவி வைத்துக்கொண்டது. ஒன்றின் கருவி மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததே இரண்டாம் கட்ட விதி. ‘ஓபிடி 2’ என்பது அதன் சுருக்கப் பெயர். 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்ற கார்கள் எல்லாவற்றிலும் பதினாறு முனைகள் கொண்ட ஒரே வடிவத் துளை அமைந்தது. பழுதுக் குறிகளுக்கும் பொது அகராதி ஒன்று ஏற்பட்டது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001ஆம் ஆண்டிலும் டீசல் கார்களுக்கு 2004ஆம் ஆண்டிலும் இதையொத்த விதி நிலைபெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சட்டம் பொதுவாக்கியது புகையோடு தொடர்புடைய பகுதியை மட்டுமே. எஞ்சினும் அதன் புகையும் பொதுமொழியில் பேசின. பிரேக், காற்றுப்பை, கதவுப் பூட்டு, குளிர்சாதனம் ஆகியவை அந்தந்த நிறுவனத்தின் சொந்த மொழியிலேயே பேசிவந்தன. இன்றும் பெரும்பாலும் அவ்வாறே பேசுகின்றன. கருவி வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே.

நம் நாட்டில்

நம் நாட்டில் புகைவிதிகள் படிப்படியாக வந்தன. நாடு முழுவதற்கும் முதற்கட்ட விதி 2000ஆம் ஆண்டிலும், மும்பைக்கு இரண்டாம் கட்ட விதி 2001ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. பத்மினி காரின் உற்பத்தி நின்றதும் அக்காலத்தை ஒட்டியே. 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் மும்பை உள்ளிட்ட பதின்மூன்று நகரங்களுக்கு நான்காம் கட்ட விதி வந்தபோது பழுதறியும் அமைப்பின் முதற்படி கட்டாயமாயிற்று. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் இரண்டாம் படி கட்டாயமாயிற்று. நான்காம் கட்டம் நாடு முழுவதற்கும் பரவியது 2017ஆம் ஆண்டு ஏப்ரலில். ஆறாம் கட்டம் 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்தது. கடைசிப் பத்மினி டாக்சியின் இருபதாண்டு ஆயுள் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. காதால் நோயறிந்த காலத்துக்கு அதுவே விடையளித்த நாள் எனலாம்.

இடையில் 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தண்ணீர் தேங்குவதற்குப் பெயர்பெற்ற கிங்ஸ் சர்க்கிள் போன்ற தாழ்ந்த இடங்களில் நிற்கும் கார்களின் நிலையை எண்ணிப் பார்ப்போம். பழைய கார் நனைந்தால் டிஸ்டிரிபியூட்டரைத் துடைத்து உலர்த்திப் பார்க்கலாம். கணினி கொண்ட வண்டி நனைந்தால், கம்பிகள் சேரும் இணைப்புகளில் பாசி பிடித்துச் சில மாதங்கள் கழித்தும் பழுது தலைகாட்டக்கூடும். எந்த இணைப்பு என்பதைக் காதால் அறிவதற்கில்லை. கருவி இல்லாத மெக்கானிக் கைகட்டி நிற்கவேண்டியதாயிற்று.

பூட்டும் திறவுகோலும்

கருவி இருந்தால் போதுமா? அதைத் தருவோர் வேண்டுமே! பல நிறுவனங்கள் தம் பழுதறியும் கருவியையும் விளக்க நூல்களையும் தம் சொந்தப் பணிமனைகளுக்கு மட்டுமே கொடுத்தன. தெருமுனை மெக்கானிக்குக்கு அவை கிட்டவில்லை. 2011ஆம் ஆண்டில் தனிமனிதர் ஒருவர் இதனை இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் முறையிட்டார். மூன்று நிறுவனங்களின்மீது எழுந்த முறையீடு, விசாரணையில் மேலும் பல நிறுவனங்களைத் தொட்டது.

ஆணையம் 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பளித்தது. உதிரிப் பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்தது போட்டிக்கு மாறானது என்று கண்டு, பதினான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கருவிகளைத் தனி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும், வெளியில் பழுது பார்த்தார் என்னும் ஒரே காரணத்தால் உத்தரவாதம் முழுவதையும் மறுக்கலாகாது என்றும் கட்டளையிட்டது. மேல்முறையீடு செய்த மூன்று நிறுவனங்களின் வழக்கில் 2016ஆம் ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றம் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தின் அளவை மட்டும் குறைத்தது. பழுது பார்க்கும் உரிமைக்கென மத்திய அரசின் நுகர்வோர் துறை ஒரு வலைத்தளத்தை 2022ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. பூட்டு முற்றிலும் திறந்துவிட்டது என்று கூற இயலாது. ஆயினும் திறவுகோல் வேண்டும் என்று கேட்பது நியாயம் என்பது நிலைநாட்டப்பட்டது.

இதற்கிடையே வேறொரு வழியும் திறந்தது. கனடா நாட்டின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் சிறு நிறுவனம், வண்டியின் பல மொழிகளையும் கணினிக்குப் புரியும் எழுத்தாக மாற்றித்தரும் ‘எல்ம் 327’ என்ற சில்லை விற்றது. அதன் முதற் பதிப்புக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் காப்பு இல்லை. ஆகவே நகல்கள் பெருகின. இன்று கைப்பேசியோடு இணைக்கும் மலிவான கருவிகளில் பெரும்பாலானவை அந்நகல்களின் வழிவந்தவை. மூல நிறுவனம் 2022ஆம் ஆண்டில் மூடப்பட்டது, நகல்கள் வாழ்கின்றன. மூல நிறுவனம் 1.5 என்ற எண்ணில் பதிப்பு எதையும் வெளியிட்டதில்லை. ஆனால் அவ்வெண்ணைத் தாங்கிய கருவிகள் கடைகளில் நிறைய உண்டு! வாங்குவோர் இதை அறிந்திருப்பது நலம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இனி நம் கேள்விக்கு வருவோம். மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகள் பிறக்கின்றன.

முதற் கேள்வி: வண்டி எந்த ஆண்டினது, எந்த ஊரில் முதலில் விற்றது? மும்பையில் 2013ஆம் ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பெட்ரோல், டீசல் கார் பொதுமொழி பேசும் என நம்பலாம். அதற்கு முற்பட்டதாயினும், நான்காம் கட்ட விதி அப்போது எட்டாத வேறோர் ஊரிலிருந்து வாங்கிய பழைய வண்டியாயினும், துளை இருந்தும் மொழி வேறாக இருக்கலாம். அத்தகையோர் பணம் கொடுக்குமுன் கருவியைத் தம் வண்டியிலேயே பொருத்திப் பார்ப்பது முறை. மின்சாரக் கார் வைத்திருப்போருக்கு இப்பொதுமொழி அதிகம் உதவாது. புகையில்லா வண்டிக்குப் புகைவிதியின் அகராதி எவ்வாறு பொருந்தும்?

இரண்டாம் கேள்வி: அறிய விரும்புவது எதனை? எஞ்சின் விளக்கு ஏன் எரிகிறது என்பது மட்டுமே என்றால் எளிய கருவி போதும். பிரேக், காற்றுப்பை ஆகியவற்றின் விளக்குகளையும் படிக்கவேண்டுமாயின், தம் வண்டியின் பெயரையும் மாதிரியையும் குறிப்பிட்டு ‘இவற்றைப் படிக்கும்’ என்று உறுதி கூறும் கருவியே வேண்டும். ‘எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்’ என்று பெட்டியின்மீது அச்சிட்டிருப்பது எஞ்சின் அளவில்தான் உண்மை. சாவியைப் புதிதாகப் பதிவதும் கணினியை மாற்றி எழுதுவதும் பட்டறைக் கருவியின் வேலை; வீட்டுக்கு அது வேண்டுவதில்லை.

மூன்றாம் கேள்வி: கருவி குறியை மட்டும் காட்டுகிறதா, ஓடும் அளவுகளையும் காட்டுகிறதா? இதுவே தலையாய கேள்வி. ஏனெனில் குறி என்பது தீர்ப்பன்று. அது முறையீடு மட்டுமே. எடுத்துக்காட்டாக பி 0171 என்னும் குறியைக் கொள்வோம். எஞ்சினுக்குள் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தது என்பது அதன் பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வோர் உண்டு. ஆனால் காரணம் விரிசல் கண்ட ரப்பர்க் குழாயாக இருக்கலாம். அழுக்கேறிய காற்றளவு சென்சாராக இருக்கலாம். சோர்ந்த பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம். கணினி கூடுதலாக எவ்வளவு பெட்ரோல் சேர்க்கிறது என்பதை ஓடும் அளவாகக் காட்டும் கருவி கையில் இருந்தால் இவற்றைப் பிரித்தறியலாம். காற்றை நேரே அளக்கும் சென்சார் கொண்ட வண்டியில், நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது அந்த அளவு மிகுந்து, வேகம் கூட்டியதும் குறைந்தால் குழாய்க் கசிவை ஐயுறலாம். மாறாக, வேகமும் பாரமும் கூடும்போது அளவும் கூடினால் பெட்ரோல் வரத்துக் குறைவை ஐயுறலாம். சிறு குழாயின் விலைக்கும் சென்சாரின் விலைக்கும் உள்ள வேறுபாடு, நல்ல கருவியின் விலையை ஒரே நாளில் மீட்டுத் தந்துவிடும்.

ஆகவே வீட்டுக் கார் ஒன்றுக்கு நாம் பரிந்துரைப்பது நடுத்தரக் கருவியை. குறியைப் படிக்கவேண்டும், பழுது நேர்ந்த கணத்தில் வேகம், வெப்பம் முதலியன எவ்வாறிருந்தன என்று கணினி பிடித்துவைத்த நிலைப்பதிவைக் காட்டவேண்டும், ஓடும் அளவுகளையும், கணினி தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்பதையும் காட்டவேண்டும். கைப்பேசியோடு இணைக்கும் கருவியாயின் நம்பகமான நிறுவனத்தினதாக இருத்தல் வேண்டும். ஆப்பிள் கைப்பேசி வைத்திருப்போர் அதற்கு ஏற்றது என்று குறித்துள்ளதையே வாங்கவேண்டும். பழைய வகைப் புளூடூத் கருவிகள் அதனோடு பெரும்பாலும் இணைவதில்லை. கைப்பேசியின் துணை வேண்டாதவர்களுக்குத் தனித்திரை கொண்ட கைக்கருவியே எளிது. லாமிங்டன் சாலை போன்ற மின்னணுக் கடைவீதியில் வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டு வாங்குவதே அறிவுடைமை.

சில எச்சரிக்கைகளும் உண்டு. குறியைப் படித்தவுடன் அழித்துவிடும் ஆசை பலருக்கு எழும். அழித்தால் விளக்கு அணையும், நோய் அணையாது. நிலைப்பதிவும் அதனோடு அழிந்துபோவதால் மெக்கானிக்குக்கு இருந்த ஒரே தடயமும் மறையும். முதலில் குறியைத் தாளில் எழுதிக்கொள்க. பழுதை நீக்கியபின் அழிக்க. அந்த விளக்கு விட்டு விட்டு மின்னினால் கருவியைத் தேடிக்கொண்டிராமல் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே முறை. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று, புகையைத் தூய்மையாக்கும் கலத்தைச் சுட்டுக் கெடுக்கும் நிலை அது. கருவியைத் துளையிலேயே நாள்கணக்கில் விட்டுவைப்பதும் ஆகாது. நிறுத்திய வண்டியிலும் அத்துளையில் மின்சாரம் இருப்பதால் பேட்டரி மெல்ல வற்றிப்போகும்.

பட்டறை வாயிலில்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்ட முன்னோரின் காலம் முதல், தாராவி கைத்தொழிலால் வாழும் ஊர். அங்கும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் இயங்கும் சிறு பட்டறைகளில், கருவியும் காதும் ஒன்றுக்கொன்று துணையாகி வருவதைக் காண்கிறோம். குறி எந்தத் திசையில் தேடவேண்டும் என்பதைச் சொல்லும். தேடிக் கண்டுபிடிப்பது இன்னும் கையின் வேலைதான். ஆதலின் கருவி வாங்கிய சொந்தக்காரர் மெக்கானிக்கைச் சோதிக்கும் அதிகாரியாகப் பட்டறைக்குச் செல்வது தகாது. ‘அண்ணே, இன்ன குறி வந்தது, இன்ன வேகத்தில் வந்தது, என்னவென்று பாருங்கள்’ என்று எழுதிய தாளோடு செல்வாராயின் இருவருக்கும் நேரம் மிஞ்சும், ஐயமும் எழாது.

மாடுங்காவில் எரிந்த அந்த மஞ்சள் விளக்கின் பின்னே ஒரு நகரத்தின் புகைமூட்டமும், ஓர் அறிஞரின் ஆராய்ச்சியும், பல அரசுகளின் சட்டமும், ஒரு தனிமனிதரின் முறையீடும் நிற்கின்றன. அன்று பிளக்கின் முனையைச் சொந்தக்காரரும் மெக்கானிக்கும் ஒருங்கே பார்த்தனர். அந்தப் பழைய சமநிலையை, நன்கு தேர்ந்த ஒரு சிறு கருவி மீண்டும் நமக்குத் தருகிறது. அதற்கு வேண்டியது மிக விலையுயர்ந்த கருவியன்று. நம் வண்டியின் மொழியறிந்த கருவியும், அது சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் மனமுமே.